அடுக்களை முதல் ஆற்றுப்பாலம் வரை

ஞாயிறு நண்பகலில் நம் வீட்டு அடுக்களையில் சொதி கொதிக்கிறது என்று எழுதினால், நெல்லைச் சீமைத் தாய்மார்கள் நம்மை மன்னிக்கமாட்டார்கள். தேங்காயின் இரண்டாம், மூன்றாம் பாலில் காய்கறி வேக வேண்டும். தலைப்பாலை இறுதியில் ஊற்றி, கொதிக்குமுன் இறக்கிவிட வேண்டும். இந்த நுட்பமெல்லாம் ஆடவராகிய நமக்கும் தெரியும். அடுக்களையில் எட்டிப் பார்த்துக் கருத்துரைப்பதில் நாம் வல்லவர்கள் அல்லவா? தேங்காய் துருவ மட்டும் நமக்கு நேரம் வாய்ப்பதில்லை!

மாலையில், ஊர் திரும்பும் விருந்தினருக்காக அல்வா வாங்கப் புறப்படுகிறோம். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, இருட்டுக்கடையின் முன் பெருங்கூட்டம். "அண்ணாச்சி, நா வாங்க வரல, வெல கேக்கத்தான் வந்தேன்" என்று பணிவுடன் ஒருவர் நம்மைக் கடந்து முன்னே செல்கிறார், திரும்பும்போது அவர் கையில் இரண்டு கிலோ! கடைக்காரர் அல்வா கொடுப்பதற்கு முன்பே அவர் நமக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை, தின்ற அல்வாவைக் கரைக்கப் பாளையங்கோட்டைப் பூங்காவில் நடக்கிறோம். அங்கு உலவுவோரின் பேச்சும் இனிப்பானதே. "சர்க்கரை எவ்வளவு அண்ணாச்சி?" என்கிறார் ஒருவர். "அல்வாவிலா, இரத்தத்திலா?" என்று கேட்கிறார் மற்றவர். மூன்று சுற்று நடந்தபின், களைப்பு நீங்கச் சுண்டல் வாங்கி உண்கிறார்கள். நாம் அவ்வாறு செய்வதில்லை. நம் சட்டைப்பையில் அல்வாத் துண்டு இருக்கிறது.

அதைச் சுவைத்தவாறே, மகனுடன் சுலோசன முதலியார் பாலத்துக்கு வந்தோம். படகை நம்பியிருந்த மக்களுக்காக, தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு அப்பெருமகனார் எழுப்பிய பாலம் 1843இல் திறக்கப்பட்டது. அதன்மீது நின்று மகனுக்கு ஆற்றின் பெருமையை விளக்கினோம். பொதிகையில் பிறந்து, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி, மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீர் தருகிறது. நம் ஊர் அல்வாவின் சுவைக்கும் இந்நீரே காரணம் என்று பெரியோர் சொல்வார்கள் என்றோம். சொல்லி முடித்ததும், நெய் படிந்த பிளாஸ்டிக் உறையைக் கசக்கி ஆற்றில் எறியக் கையை ஓங்கினோம்.

"அப்பா, நாளைக்கு அல்வா கிண்டவும் இந்தத் தண்ணிதானே?" என்றான் மகன்.

ஓங்கிய கை தாழ்ந்தது. நகரின் சாக்கடை ஆற்றில் கலப்பதைப் பற்றி மேடைதோறும் வருந்துகிறோம். அது மற்றவர் குற்றம் என்றே எண்ணிக்கொள்கிறோம். நம் கையிலுள்ள உறை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. முதலியாரைப்போல் பாலம் கட்ட நம்மால் இயலாது. ஓர் உறையை வீடு வரை சுமக்க இயலாதா?

இயன்றது. உறை சட்டைப்பைக்கே திரும்பியது. ஆனால் நெய்க்கறை படிந்த அச்சட்டையைத் துவைக்க எடுத்த இல்லத்தரசி அடுக்களையிலிருந்து நமக்குச் செய்த அர்ச்சனையை இங்கு எழுத இடம் போதாது. ஆறு தப்பியது, நாம் தப்பவில்லை!