இணையவழித் தொலைபேசி

இணையவழித் தொலைபேசி அல்லது வாய்ஸ் ஓவர் ஐ.பி. என்பது மனிதக் குரலை எண்முறைத் தரவாக மாற்றி, இணைய நெறிமுறையில் இயங்கும் வலையமைப்புகள் ஊடாக அனுப்பும் தொலைத்தொடர்பு முறை ஆகும். வணிக நிறுவனங்கள் மரபுவழித் தொலைபேசி இணைப்புகளுக்கு மாற்றாக இதனைப் பயன்படுத்துகின்றன. இந்தியாவில் இம்மாற்றத்தின் வேகத்தைத் தொழில்நுட்பத்தை விட அரசின் விதிமுறைகளே பெரிதும் தீர்மானித்தன.

செயற்படும் முறை

மரபுவழித் தொலைபேசியில் அழைப்பு முடியும் வரை இரு முனைகளுக்கும் இடையே தனியான ஒரு சுற்று ஒதுக்கப்படுகின்றது. இருவரும் பேசாதிருக்கும் நேரத்திலும் அச்சுற்று பிறருக்குப் பயன்படாது. இணையவழித் தொலைபேசியில் குரல் சிறு பொதிகளாகப் பிரித்து அனுப்பப்படுகின்றது. ஒரு பொதி பொதுவாக 20 மில்லிநொடி ஒலியைக் கொண்டிருக்கும். ஜி.711 குறிமுறையில் குரலுக்கு மட்டும் நொடிக்கு 64 கிலோபிட் தேவைப்படும். பொதிகளின் முகவரித் தரவையும் சேர்த்தால் இது 80 கிலோபிட்டுக்கும் மேலாகும். அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் எச்.323, சிப் ஆகிய நெறிமுறைகள் பயன்படுகின்றன.

வணிக நிறுவனங்களில்

பல மேசைகளுக்குத் தொலைபேசி தேவைப்படும் நிறுவனங்கள் ஈ.பி.ஏ.பி.எக்ஸ். எனப்படும் உள் இணைப்பகத்தைப் பயன்படுத்தி வந்தன. இதன் பணியை இன்று கணினியில் இயங்கும் மென்பொருளே செய்ய இயலும். 1999 இல் தொடங்கப்பட்ட திறமூல மென்பொருளான அஸ்டரிஸ்க் இவற்றுள் புகழ் பெற்றது. பழைய கருவிகளை உடனே கைவிட வேண்டியதில்லை. மாற்றிப் பெட்டி ஒன்றின் மூலம் அவற்றையும் வலையமைப்பில் இணைக்கலாம்.

இந்தியாவில்

இந்தியாவில் இணையவழித் தொலைபேசி 2002 ஏப்ரல் 1 முதல் அனுமதிக்கப்பட்டது. ஆயினும், இணையச் சேவை நிறுவனங்கள் வழியாகக் கணினியிலிருந்து உள்நாட்டுத் தொலைபேசி எண்களை அழைக்க இயலவில்லை. தொலைதூரக் கட்டண வருவாயைத் தவிர்க்கும் அழைப்புகளும் தடை செய்யப்பட்டிருந்தன.

இத்தடையைப் பின்வரும் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தென்காசி மாவட்டத்தில் உள்ள புளியங்குடி, எலுமிச்சை வணிகத்துக்குப் பெயர் பெற்ற நகரம். இங்கிருந்து கேரளத்துக்கும் எலுமிச்சை அனுப்பப்படுகின்றது. புளியங்குடி மண்டி ஒன்றுக்குக் கொச்சியில் கிளை இருப்பதாகக் கொள்வோம். கிளையினரும் மண்டியினரும் தமக்குள் இணையவழி பேசிக்கொள்ளலாம். ஆனால், கொச்சி வாடிக்கையாளர் கிளைக்குச் செய்யும் உள்ளூர் அழைப்பை இணையவழியே புளியங்குடிக்கு மாற்றிவிடுதல் விதிமீறலாக இருந்தது. இதனால் நிறுவனங்கள் தம் இணைப்பகத்துக்குள் இவ்விருவகை அழைப்புகளும் கலவாதவாறு பிரிவு ஏற்படுத்த வேண்டியிருந்தது.

2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் ஒன் இந்தியா திட்டம், நாட்டில் எங்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய்க்குப் பேச வழி செய்தது. தொலைதூரக் கட்டணங்கள் குறையக் குறையத் தடைக்கான பொருளியல் காரணமும் வலுவிழந்தது. 2018 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிம நிபந்தனைகளைத் திருத்தியதைத் தொடர்ந்து, பி.எஸ்.என்.எல். விங்ஸ் என்னும் சேவையை அறிவித்தது. 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் அழைப்பு மையங்களுக்கான விதிகள் தளர்த்தப்பட்டன. இதனால் அவற்றின் ஊழியர்கள் பெருநகர்களுக்குச் செல்லாமல், சொந்த ஊரில் வீட்டிலிருந்தே அழைப்புகளை ஏற்கும் வாய்ப்பு எளிதானது.

குறைபாடுகள்

செப்புக் கம்பி வழித் தொலைபேசிக்குத் தேவையான மின்சாரம் இணைப்பகத்தின் மின்கலங்களிலிருந்தே, பொதுவாக 48 வோல்ட் அளவில், கிடைத்தது. எனவே ஊரில் மின்தடை ஏற்பட்டாலும் அது இயங்கியது. இணையவழித் தொலைபேசிக்குத் திசைவி, தொலைபேசிக் கருவி ஆகிய அனைத்துக்கும் பயனரே மாற்று மின்சாரம் ஏற்பாடு செய்ய வேண்டும். இணைப்பு துண்டிக்கப்பட்டால் எல்லா எண்களும் ஒருசேரச் செயலிழக்கும்.

ஒரு திசைத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருத்தல் நன்று. அதனை மிகுதியாகத் தாண்டினால் இருவர் பேச்சும் ஒன்றன்மேல் ஒன்று மோதும். எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் கொண்ட இணைப்பகங்களுக்குள் ஊடுருவி வெளிநாட்டு அழைப்புகளைச் செய்யும் மோசடிகளும் உண்டு; அவற்றின் கட்டணம் நிறுவனத்தின் மீதே விழும். கருவியை எங்கும் எடுத்துச் செல்ல முடிவதால், அவசர அழைப்பு எந்த இடத்திலிருந்து வருகின்றது என்பதை அறிவதும் கடினமாகின்றது.