எண்ணெய்க் கிணற்றில் இறங்கும் பாக்டீரியா!



பாக்டீரியான்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஊசிப்போன சோறு. கொஞ்சம் யோசித்தால் தயிரும் இட்லி மாவும் ஞாபகம் வரும். ஆனால் பெரிய பெரிய எந்திரங்களால் எடுக்க முடியாத பெட்ரோலிய எண்ணெயைப் பாறைக்குள்ளிருந்து வெளியே தள்ளும் பாக்டீரியாவும் இருக்கு. வாங்க, அதைத் தெரிந்துகொள்வோம்.

பூமிக்குள் எண்ணெய்க் குளமா?

பூமிக்கு அடியில் எண்ணெய் குளம் போலத் தேங்கி நிற்பதாகப் பலர் நினைக்கிறோம். அது தவறு. மணற்பாறை, சுண்ணாம்புப் பாறை இவற்றின் நுண்துளைகளில்தான் எண்ணெய் ஊறி நிற்கிறது. தண்ணீரில் ஊறிய செங்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் கவிழ்த்தால் உள்ளே குடித்த தண்ணீர் கொட்டிவிடுமா? கொட்டாது. அதே கதைதான் இங்கேயும்.

கிணறு தோண்டியதும் பூமிக்குள் இருக்கும் அழுத்தத்தால் முதலில் எண்ணெய் தானே மேலே வரும். அழுத்தம் குறைந்ததும் பம்பு வைப்பார்கள். பிறகு பக்கத்துக் கிணறு வழியாகத் தண்ணீரைச் செலுத்தி எண்ணெயைத் தள்ளுவார்கள். இவ்வளவு செய்தும் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான் வெளியே வருகிறது. மீதி இரண்டு பங்கு பாறையிலேயே தங்கிவிடுகிறது!

ஏன் வரமாட்டேங்குது?

முதல் காரணம், பரப்பு இழுவிசை. எண்ணெய்த் துளி ஒரு சின்ன இடுக்கைத் தாண்ட வேண்டுமென்றால் நெளிந்து நீள வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் சேரும் இடத்தில் உள்ள இழுவிசை அதை நெளிய விடாது. துளி அங்கேயே மாட்டிக்கொள்கிறது.

இரண்டாவது காரணம், தண்ணீர் எப்பவும் சுலபமான வழியில்தான் ஓடும். வயலில் ஒரு பக்கம் பள்ளமாக இருந்தால் தண்ணீர் எல்லாம் அங்கேயே போய்விடும், மேட்டுப் பக்கம் காயும். பாறைக்குள்ளும் பெரிய துளைகள் வழியாகவே தண்ணீர் ஓடிவிடுவதால், சின்னத் துளைகளில் உள்ள எண்ணெய் அப்படியே நிற்கிறது.

பாக்டீரியா என்ன செய்யும்?

1. சோப்பு போன்ற பொருளைச் சுரக்கும். 'பேசில்லஸ் சப்டிலிஸ்' என்ற பாக்டீரியா சுரக்கும் 'சர்ஃபாக்டின்', தண்ணீரின் பரப்பு இழுவிசையை 72 அலகிலிருந்து சுமார் 27 அலகாகக் குறைத்துவிடும். மாட்டிய துளி இப்போது சுலபமாக நெளிந்து நகரும்.
2. வாயுவை உண்டாக்கும். இட்லி மாவு பொங்குவது இதனால்தானே! அந்த வாயு எண்ணெயில் கரைந்து அதை இளக்கும், அழுத்தத்தையும் கூட்டும்.
3. அமிலத்தை உண்டாக்கும். சுண்ணாம்புப் பாறையை அது அரித்து வழியை அகலமாக்கும்.
4. கொழகொழப்பான பசையை உண்டாக்கும். அது பெரிய துளைகளை அடைக்கும். உழவர் மண் அணைத்து மடையை மாற்றுவது போல, தண்ணீர் சின்னத் துளைகள் பக்கம் திரும்பும்.

எப்படிச் செய்கிறார்கள்?

பாக்டீரியாவையும் அதற்கு உணவாக மொலாசஸையும் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகு) கிணற்றில் செலுத்தி, பல நாட்கள் மூடிவைப்பார்கள். மாவு புளிக்க மூடிவைக்கிறோமே, அது மாதிரி. பிறகு திறந்து எண்ணெய் எடுப்பார்கள். உள்ளே ஆக்ஸிஜன் கிடையாது. அதனால் காற்றில்லாமல் வாழும் வகைதான் வேண்டும்.

இந்த யோசனையை 1926இல் பெக்மேன் என்பவர் சொன்னார். 1940களில் அமெரிக்க விஞ்ஞானி கிளாட் சோபெல் ஆய்வகத்தில் செய்து காட்டினார். 1954இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஒரு எண்ணெய் வயலில் சோதனையே நடந்தது.

இந்தியாவில்?

ஆழம் போகப் போகச் சூடு கூடும். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி! சாதாரண பாக்டீரியா செத்துவிடும். டெல்லியில் உள்ள 'டெரி' நிறுவனமும் ஓ.என்.ஜி.சி.யும் சேர்ந்து 90 டிகிரி செல்சியஸிலும் வாழும் பாக்டீரியாக் கூட்டத்தை உருவாக்கின. இதற்காக இரண்டும் சேர்ந்து 2007இல் ஒரு தனிக் கம்பெனியே தொடங்கின. உற்பத்தி குறைந்த பழைய கிணறுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

அப்போ பிரச்சினையே இல்லையா?

இருக்கு! எல்லா பாக்டீரியாவும் நண்பன் அல்ல. தண்ணீரில் உள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி வாழும் ஒரு வகை, ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு ஆளைக் கொல்லும் விஷம். இரும்புக் குழாயையும் அரிக்கும். அதை அடக்க நைட்ரேட் செலுத்தி, போட்டி பாக்டீரியாக்களை வளர்க்கிறார்கள். மேலும் ஒரு வயலில் வெற்றி பெற்ற பாக்டீரியா இன்னொரு வயலில் வேலை செய்யாமல் போகலாம். பாறை, உப்பு, சூடு எல்லாம் இடத்துக்கு இடம் மாறுதே! அதனால்தான் இவ்வளவு வருஷம் ஆகியும் இந்த முறை எல்லா இடத்திலும் வரவில்லை.

செய்து பாருங்கள்: ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூள் தூவுங்கள். நடுவில் சோப்பு தொட்ட விரலை வையுங்கள். தூள் சட்டென்று ஓரத்துக்கு ஓடும். பரப்பு இழுவிசை குறைவது என்றால் இதுதான்!

யோசித்துப் பாருங்கள்: நம் நாடு தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டில் வாங்குகிறது. பழைய கிணற்றில் இன்னும் கொஞ்சம் கிடைத்தால் அந்தப் பணம் மிச்சம். ஆனால் கூடுதலாக எடுக்கும் எண்ணெயை எரித்தால் கூடுதலாகக் கார்பன்-டை-ஆக்ஸைடும் வரும், பூமி சூடாகும். எடுக்கலாமா, பாறையிலேயே விட்டுவிடலாமா? உங்கள் கருத்தை ஒரு தாளில் எழுதி, வகுப்பு, பிரிவுடன் இந்தப் பலகைக்குக் கீழே செருகுங்கள். நல்ல பதில்கள் அடுத்த இதழில்!