கிரேட் அமெரிக்கன் சாங்புக் (ராட் ஸ்டீவர்ட் இசைத்தொகுப்புகள்)

கிரேட் அமெரிக்கன் சாங்புக் என்பது பிரித்தானிய ராக் இசைப் பாடகர் ராட் ஸ்டீவர்ட் 2002 முதல் 2010 வரை வெளியிட்ட ஐந்து இசைத்தொகுப்புகளின் வரிசை ஆகும். 1920கள் முதல் 1950கள் வரை எழுதப்பட்டு, ஜாஸ் இசைக்கலைஞர்களால் பரவலாக அறியப்பட்ட காதல் பாடல்களே இவற்றில் பெரும்பான்மையாக இடம்பெற்றுள்ளன. தொண்டை அறுவை மருத்துவத்துக்குப் பின் குரலை மீட்டெடுத்த ஒரு பாடகரின் மறுவருகையாகவும், ராக் இசை ஓரங்கட்டிய பாடல்களை ராக் பாடகர் ஒருவரே மீண்டும் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுவந்த நிகழ்வாகவும் இவ்வரிசை குறிப்பிடத்தக்கது.

பெயர்

"அமெரிக்கப் பெரும் பாடல் நூல்" என்று பொருள்படும் இப்பெயர் எந்தவொரு தனி நூலையும் குறிப்பதன்று. நியூயார்க்கின் பிராட்வே இசை நாடகங்களுக்காகவும், ஆலிவுட் திரைப்படங்களுக்காகவும், டின் பான் ஆலி எனப்பட்ட பாடல் வெளியீட்டுத் துறைக்காகவும் எழுதப்பட்டு, காலப்போக்கில் நிலைபெற்ற பாடல்களின் தொகுதியை இப்பெயர் குறிக்கின்றது. ஜார்ஜ் கெர்ஷ்வின், அவருடைய உடன்பிறந்தவரான ஐரா கெர்ஷ்வின், கோல் போர்ட்டர், ஜெரோம் கெர்ன், இர்விங் பெர்லின், ஓகி கார்மைக்கேல் ஆகியோர் இத்தொகுதியின் முதன்மைப் படைப்பாளிகளுள் சிலர்.

இவற்றுள் பல, 32 தாள அளவுகள் கொண்ட அமைப்பை உடையவை. எட்டுத் தாள அளவுகள் கொண்ட நான்கு பகுதிகளில் முதல், இரண்டாம், நான்காம் பகுதிகள் ஒரே மெட்டில் அமையும். மூன்றாம் பகுதி மட்டும் வேறு மெட்டில் செல்லும். எளிமையான இந்த அமைப்பு, ஜாஸ் கலைஞர்கள் மெட்டை விரித்து வாசிப்பதற்கு வசதியாக இருந்தது. இப்பாடல்கள் ஒரு பாடகருக்கு மட்டும் உரியவையாக இருக்கவில்லை. ஒரே பாடலை பில்லி ஆலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு, ஃபிராங்க் சினாட்ரா எனப் பலரும் தத்தம் முறையில் பாடினர்.

1950களின் நடுவில் ராக் அண்டு ரோல் இசை எழுச்சி பெற்றபோது இப்பாடல்கள் இளைஞர்களிடையே செல்வாக்கை இழந்தன. 1960களில் பீட்டில்ஸ், பாப் டிலன் போன்றோரின் வெற்றிக்குப் பின், பாடகர் தம் பாடலைத் தாமே எழுத வேண்டும் என்னும் எதிர்பார்ப்பும் வலுப்பெற்றது.

பின்னணி

ராட் ஸ்டீவர்ட் 1945 சனவரி 10 அன்று இலண்டனில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளுள் இவரே இளையவர். இவர் குடும்பத்தினர் அமெரிக்கப் பாடகர் ஆல் ஜோல்சனின் தீவிர விரும்பிகள். எனவே, ராக் இசைக்கு முந்தைய பாடல்கள் சிறுவயதிலேயே இவருக்கு அறிமுகமாயின. ஜெஃப் பெக் குழுவிலும் ஃபேசஸ் குழுவிலும் பாடிய இவர், 1971இல் வெளிவந்த "மேகி மே" பாடலால் உலகப் புகழ் பெற்றார். கரகரப்பான குரல் இவரது அடையாளமாக அமைந்தது.

ஸ்டீவர்ட் பாடலாசிரியராகவும் விளங்கினார். எனினும், பிறர் எழுதிய பாடல்களைத் தம்முடையனவாக மாற்றிப் பாடும் திறனுக்காகவும் இவர் தொடக்கம் முதலே அறியப்பட்டார். கேட் ஸ்டீவன்சின் "தி ஃபர்ஸ்ட் கட் இஸ் தி டீப்பஸ்ட்", டாம் வெயிட்சின் "டவுன்டவுன் டிரெயின்" ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

2000ஆம் ஆண்டில் இவருக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டு அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. அப்போது கழுத்துத் தசைகள் வெட்டப்பட வேண்டியிருந்ததால் இவரால் முன்போல் பாட இயலாமற் போனது. ஐம்பத்தைந்து வயதில், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகத் தம் தொழிலுக்கு ஆதாரமாக இருந்த குரலை இவர் பயிற்சியின் மூலம் மீண்டும் பழக்க வேண்டியிருந்தது. 2001இல் வெளிவந்த "ஹியூமன்" இசைத்தொகுப்பு அமெரிக்காவில் பெரும் வரவேற்பைப் பெறவில்லை.

ஒலிப்பதிவு

பழைய காதல் பாடல்களைப் பாடும் திட்டத்தில் ஸ்டீவர்ட்டுடன் இணைந்தவர் இசைத் தயாரிப்பாளர் ரிச்சர்டு பெர்ரி. அரிஸ்டா நிறுவனத்திலிருந்து விலகி 2000இல் ஜே ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கிளைவ் டேவிஸ் இத்தொகுப்புகளை வெளியிட்டார். முதல் தொகுப்பின் தயாரிப்பில் ஃபில் ரமோனும் பங்கேற்றார்.

பாடல்களின் தன்மையும் இவருக்குத் துணைநின்றது. ராக் இசையில் பாடகர் மின்கித்தாரையும் முரசுகளையும் மீறி ஒலிக்க வேண்டும். 1920களின் நடுவில் ஒலிவாங்கி வழியான ஒலிப்பதிவு வந்த பின் வளர்ந்த பாடும் முறைக்கு அத்தகைய வலிமை தேவையில்லை; ஒலிவாங்கிக்கு அருகில் நின்று தாழ்ந்த குரலில், சொற்கள் தெளிவாக விளங்கும்படி பாடுவதே அதன் இயல்பு. முதல் தொகுப்பிலுள்ள "தி வே யூ லுக் டுநைட்" (1936), "தே கேன்ட் டேக் தட் அவே ஃப்ரம் மீ" (1937) ஆகிய இரண்டையும் திரைப்படங்களில் முதலில் பாடியவர் நடனக் கலைஞர் ஃபிரெட் அஸ்டயர். அவர் பெரிய குரல்வளம் கொண்டவர் அல்லர். சொல்லையும் தாளத்தையும் கையாண்ட நேர்த்திக்காகவே அவர் பாடல்கள் போற்றப்பட்டன.

முதல் தொகுப்பிலுள்ள எல்லாப் பாடல்களும் அமெரிக்காவில் தோன்றியவை அல்ல. "தி வெரி தாட் ஆஃப் யூ" (1934) பாடலை எழுதிய ரே நோபல் ஓர் ஆங்கிலேயர். "தீஸ் ஃபூலிஷ் திங்ஸ்" பாடலும் இங்கிலாந்தில் எழுதப்பட்டதே.

தொகுப்புகள்

அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் ஐந்து தொகுப்புகளும் எட்டிய உயர்ந்த இடங்களும், தலைப்புப் பாடல்களின் விவரங்களும் பின்வருமாறு:

* இட் ஹேட் டு பி யூ (2002) - 4ஆம் இடம். தலைப்புப் பாடல் 1924இல் ஐஷம் ஜோன்ஸ் இசையில் கஸ் கான் எழுதியது.
* ஆஸ் டைம் கோஸ் பை (2003) - 2ஆம் இடம். ஹெர்மன் ஹப்ஃபெல்டு 1931இல் இசை நாடகம் ஒன்றுக்காக எழுதிய பாடல். 1942இல் "காசாபிளாங்கா" திரைப்படத்தால் புகழ்பெற்றது.
* ஸ்டார்டஸ்ட் (2004) - முதலிடம். ஓகி கார்மைக்கேல் 1927இல் அமைத்த இசைக்கு மிட்சல் பாரிஷ் பின்னர்ச் சொற்களை எழுதினார்.
* தேங்க்ஸ் ஃபார் த மெமரி (2005) - 2ஆம் இடம். ரால்ஃப் ரெயிங்கர், லியோ ராபின் ஆகியோரின் இப்பாடல் ஆஸ்கார் விருது பெற்றது.
* ஃபிளை மீ டு த மூன் (2010) - 4ஆம் இடம். பார்ட் ஹோவர்டு 1954இல் எழுதிய பாடல்.

ஷெர், டோலி பார்ட்டன், பெட் மிட்லர், டயானா ராஸ், எல்டன் ஜான் முதலியோர் சில பாடல்களில் ஸ்டீவர்ட்டுடன் இணைந்து பாடியுள்ளனர். மூன்றாம் தொகுப்பில் ஸ்டீவி வொண்டர் ஆர்மோனிக்காவும் எரிக் கிளாப்டன் கித்தாரும் வாசித்துள்ளனர்.

வரவேற்பும் விமரிசனமும்

1979க்குப் பின் அமெரிக்கப் பட்டியலில் ஸ்டீவர்ட்டுக்கு முதலிடம் பெற்றுத்தந்த முதல் இசைத்தொகுப்பு "ஸ்டார்டஸ்ட்" ஆகும். இதற்கு முன் பலமுறை கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் வெற்றிபெறாத இவர், இத்தொகுப்புக்காக 2005இல் மரபுவழிப் பாப் இசைப் பிரிவில் முதன்முறையாக அவ்விருதைப் பெற்றார்.

விற்பனையில் கிடைத்த வெற்றிக்கு ஈடான பாராட்டு திறனாய்வாளர்களிடமிருந்து கிடைக்கவில்லை. தந்தி இசைக்கருவிகளின் ஒழுங்கமைப்பு மிகவும் மென்மையானது என்றும், ஜாஸ் இசைக்குரிய எதிர்பாராத திருப்பங்கள் இல்லை என்றும் குறை கூறப்பட்டது. சினாட்ராவும் ஆலிடேயும் முன்னரே பாடியவற்றுடன் ஒப்பிடும்போது புதிய பொருள் எதுவும் வெளிப்படவில்லை என்பது மற்றொரு குறை. மறுபுறம், மெட்டைச் சிதைக்காமல் சொற்களை முன்னிறுத்திப் பாடியதால் புதிய கேட்போர் இப்பாடல்களை எளிதில் அறிந்துகொண்டனர் என்பது ஆதரவாளர்களின் கருத்து.

வெற்றிக்கு மற்றொரு விலையும் இருந்தது. இக்காலத்தில் ஸ்டீவர்ட்டின் பாடலாசிரியர் பணி ஏறக்குறைய நின்றுபோனது. பெரும்பாலும் தாமே எழுதிய பாடல்களுடன் இவர் திரும்பியது 2013இல் வெளிவந்த "டைம்" தொகுப்பில்தான். அது பிரித்தானியப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

முன்னோடிகளும் பின்வந்தோரும்

இத்தகைய முயற்சியில் ஸ்டீவர்ட் முதல்வர் அல்லர். பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் 1970இலும், ஹாரி நில்சன் 1973இலும், நாட்டுப்புறப் பாணிப் பாடகர் வில்லி நெல்சன் 1978இலும், லிண்டா ரான்ஸ்டட் 1983இலும் பழைய பாடல்களைத் தொகுப்புகளாக வெளியிட்டனர். சினாட்ராவுக்கு இசை ஒழுங்கமைத்த கோர்டன் ஜென்கின்ஸ் நில்சனுடனும், நெல்சன் ரிடில் ரான்ஸ்டட்டுடனும் பணியாற்றினர். ஸ்டீவர்ட் இப்பாடல்களுக்கு வந்தபோது அவ்விருவரும் உயிருடன் இல்லை. பழைய தலைமுறையின் நேரடித் தொடர்பு அறுந்திருந்தது.

ஸ்டீவர்ட்டுக்குப் பின் பால் மெக்கார்ட்னி 2012இல் இவ்வகைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். பாப் டிலன் 2015 முதல் 2017 வரை மூன்று தொகுப்புகளை வெளியிட்டார். பாடகர் தம் பாடலைத் தாமே எழுதும் வழக்கத்துக்கு முன்மாதிரியாக இருந்த இவ்விருவரும் பிறர் எழுதிய பழைய பாடல்களை நாடியது குறிப்பிடத்தக்கது. ஸ்டீவர்ட் 2024இல், தமது 79ஆம் வயதில், ஜூல்ஸ் ஆலண்டின் இசைக்குழுவுடன் இணைந்து "சுவிங் ஃபீவர்" என்னும் தொகுப்பை வெளியிட்டார். சுவிங் காலப் பாடல்களைக் கொண்ட இத்தொகுப்பும் பிரித்தானியப் பட்டியலில் முதலிடத்தை எட்டியது.