வீட்டுக்குத் தனி ஃபயர்வால் வேணுங்களா?

கோவையில் வீடுகளுக்கு இணைய இணைப்பும் கேமராவும் பொருத்திக் கொடுப்பது என் தொழில். வாட்ஸ்அப்பில் யாராவது பீதியைக் கிளப்பிவிட்டால் மறுநாளே போன் வரும்: "தம்பி, நல்ல ஃபயர்வாலா ஒண்ணு வாங்கிப் போட்டுறலாமா?" நான் சொல்வது: "உங்க வீட்டுல ஏற்கெனவே ரெண்டு இருக்குதுங்க. மொதல்ல அதைப் பார்ப்போம்."

ஒன்று, சுவரில் மாட்டியிருக்கும் ரவுட்டர். நீங்கள் ஒரு தளத்தைத் திறந்தால் அதற்கான பதிலை உள்ளே விடும். கேட்காமல் வெளியிலிருந்து வருவதைத் தடுத்துவிடும். இரண்டாவது, கணினிக்குள்ளேயே இருப்பது. 2003-இல் பிளாஸ்டர் என்ற புழு, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, நெட்டில் இருந்த விண்டோஸ் கணினிகளில் புகுந்து ஆட்டம் காட்டியது. அடுத்த ஆண்டு எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தபோது மைக்ரோசாஃப்ட் ஃபயர்வாலைத் தானாகவே இயங்கும்படி வைத்துவிட்டது. இன்றைய விண்டோஸிலும் அப்படித்தான், காசு கிடையாது. மேக் வைத்திருப்பவர்கள் மட்டும் செட்டிங்ஸில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பாலும் அணைத்தே இருக்கும்.

அப்படியென்றால் ஆபத்து எங்கே? நாமே போட்டுவைத்த ஓட்டையில். வெளியூரில் இருந்தபடி வீட்டுக் கேமராவைப் பார்க்க வேண்டும் என்பார்கள். பொருத்த வந்தவர் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு, கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆரை நேராக இணையத்துக்குத் திறந்துவிட்டுப் போய்விடுவார். பாஸ்வேர்ட் கம்பெனி கொடுத்ததே இருக்கும். 2016-இல் மிராய் என்ற நிரல் இந்த மாதிரிக் கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடித்தான் அலைந்தது. அதனிடம் இருந்ததெல்லாம் அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்ட் ஜோடிகள். 'அட்மின்', '12345' ரகம். அப்படிப் பிடித்த கருவிகளை ஏவி, அக்டோபர் 21 அன்று தளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டிஎன்எஸ் சேவை தந்த டைன் நிறுவனத்தைத் தாக்கியதில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் தடுமாறின. கேமராவின் சொந்தக்காரர்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

இந்த மாதிரி ஓட்டைகளை அடைக்க, ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஸ்டிக்கரில் 192.168.1.1 போல ஒரு முகவரி இருக்கும். அதை பிரவுசரில் அடித்து உள்ளே போய், முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்ட் வேறு, இது வேறு. பலரும் குழம்புவது இங்கேதான். 'ரிமோட் மேனேஜ்மென்ட்' இயக்கத்தில் இருந்தால் அணையுங்கள். யுபிஎன்பி என்று ஒன்று இருக்கும். வீட்டுக் கருவிகள் உங்களைக் கேட்காமலே வெளிவாசலைத் திறந்துகொள்ள அது வழிவிடும். அதையும் அணைத்துவிடலாம். கேம் ஆடும் பிள்ளைகள் இருந்தால் சண்டைக்கு வருவார்கள், சமாளித்துக்கொள்ளுங்கள். ஐபிவி6 பக்கத்தையும் விடாதீர்கள்: அதில் ஒவ்வொரு கருவிக்கும் நேரடி முகவரி கிடைப்பதால் ஃபயர்வால் கட்டாயம் வேண்டும். சில ரவுட்டர்களில் அதற்குத் தனி டிக் உண்டு.

ஓடிபி கேட்டு ஏமாற்றுபவனை எந்த ஃபயர்வாலும் தடுக்காது. வாசலைத் திறந்து நாமே கொடுப்பதை அது எப்படித் தடுக்கும்? பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

தனி ஃபயர்வால் பெட்டி யாருக்கு? வீட்டிலேயே சர்வர் வைத்து வேலை பார்ப்பவர்களுக்கு. ஆர்வம் இருந்தால் இரண்டு நெட்வொர்க் போர்ட் உள்ள பழைய கணினியில் ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதை அப்டேட் செய்ய வீட்டில் ஓர் ஆள் வேண்டும். மற்றவர்கள் ரவுட்டரின் டிஎன்எஸ்ஸை 9.9.9.9 என்று மாற்றினால் போதும். குவாட்9 என்ற அமைப்பின் இலவச சேவை அது. தீய தளம் என்று தெரிந்தவற்றைத் திறக்கவிடாது.

காசு செலவழித்தே தீர வேண்டும் என்றால், அப்டேட் வருவதே நின்றுபோன பழைய ரவுட்டரை மாற்றுங்கள். இணைப்பு கொடுத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சிலர் சும்மாவே மாற்றித் தருவார்கள். கேட்காதவர் வீட்டில் அந்தப் பெட்டி கெட்டுப்போகும்வரை அப்படியே தொங்கும்.