புல்லுக்குள் கிடந்த ரயிலை மீட்டவர்கள்!

தண்டவாளம் எங்கே இருக்கிறது என்று குனிந்து தேட வேண்டும். அவ்வளவு புல்! கீழே ஸ்லீப்பர் கட்டைகள் உளுத்துப்போயிருந்தன. ஓடும் நிலையில் இருந்தது ஒரே ஒரு நீராவி இன்ஜின். அதற்கும் வயது 80-ஐத் தாண்டிவிட்டது. 1950-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் இருந்த டாலிலின் ரயில்வேயின் கதி இதுதான்.

அந்தப் பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது. ஓட வைத்தவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

கூரை வேயப் பயன்படும் ஸ்லேட் கல்லை மலையிலிருந்து கடலோர ஊரான டவினுக்குக் கொண்டுவர, 1860-களில் போடப்பட்ட குட்டிப் பாதை அது. அகலம் 2 அடி 3 அங்குலம்தான். 1911-ல் அதை வாங்கியவர் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ். 1946-ல் கல் குவாரி மூடப்பட்டது. ஆனாலும், தான் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும் என்று சொன்ன அவர், கடைசிவரை வாக்கைக் காப்பாற்றினார். 1950 ஜூலையில் அவர் மறைந்தார். இனி பழைய இரும்பு விலைக்குத்தான் போகும் என்ற நிலை.

அப்போது எழுத்தாளரும் பொறியாளருமான டாம் ரோல்ட், ரயில் ரசிகர்களை பர்மிங்ஹாமில் ஒன்றுகூட்டினார். ஒரு சங்கம் பிறந்தது. 1951 மே 14-ம் தேதி சங்கத்தின் முதல் ரயில் கிளம்பியது. தன்னார்வலர்கள் காப்பாற்றி ஓட்டிய உலகின் முதல் ரயில்வே இதுதான்.

தடம் புரண்ட புது வரவு

ஆர்வம் இருந்தால் மட்டும் போதுமா? டோல்கோக் என்ற அந்தக் கிழட்டு இன்ஜினுக்குத் துணையாக, மூடப்பட்ட பக்கத்து ரயில்வேயின் இரண்டு இன்ஜின்களை வாங்கினார்கள். அதில் ஒன்றை ஓட்டிப் பார்த்தால், அடிக்கடி தடம் புரண்டது!

காரணம் இன்ஜினில் இல்லை. தண்டவாளங்களுக்கு நடுவே இருந்த இடைவெளி, இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. டோல்கோக்கின் சக்கரங்கள் அகலமானவை என்பதால் சமாளித்துவிட்டது. புதிதாக வந்ததன் சக்கரங்கள் ஒடுக்கமானவை. ஆகவே, பாதையைச் சரிசெய்யாமல் புது வரவை நம்ப முடியாது. தன்னார்வலர்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாகப் பாதையில் இறங்கினார்கள். விடுமுறை நாள்களில் வியர்வை சிந்தி, பழைய கட்டைகளைப் பெயர்த்துப் புதியவை போட்டார்கள்.

பெட்டிகளிலும் ஒரு விசித்திரம் உண்டு. பழைய பெட்டிகளுக்கு ஒரு பக்கம்தான் கதவு. பாலங்களின் அடியில் பெட்டிக்கும் சுவருக்கும் இடைவெளி போதவில்லை என்று 1866-லேயே அரசு ஆய்வாளர் சொல்லிவிட்டார். உடனே ஒரு பக்கக் கதவுகளை நிரந்தரமாக அடைத்தார்கள். பாலத்தடியில் தண்டவாளத்தையும் அந்தப் பக்கமாக நகர்த்திப் போட்டார்கள். பெட்டிகளைப் புதுப்பித்தவர்கள் இந்த அம்சத்தை மாற்றவில்லை. அதுவும் வரலாறுதானே!

கதையில் ஏறிய கார்டு

'தாமஸ்' ரயில் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரியும் இங்கே தன்னார்வலராக இருந்தவர். ஒருநாள் கார்டு வேலை பார்த்தபோது, சிற்றுண்டி விற்கும் பெண்மணியை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு ரயிலைக் கிளப்பிவிட்டார். பின்னாளில் அதையே குழந்தைகளுக்கான கதையாக்கிவிட்டார்!

கையிலிருந்து கைக்கு

இங்கே இன்ஜின் ஓட்ட ஆசைப்படுகிறவர் முதலில் எண்ணெய்த் துணியோடு இன்ஜினைத் துடைக்க வேண்டும். பிறகு நிலக்கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். பல வருடங்கள் கழித்துத்தான் டிரைவர். பட்டறையிலும் அப்படியே. பாய்லரை குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுதாகக் கழற்றிச் சோதிக்க வேண்டும். சுத்தியலால் தட்டி, வரும் சத்தத்தை வைத்தே பழுதைக் கண்டுபிடிக்கும் வித்தை புத்தகத்தில் படித்தால் மட்டும் வந்துவிடாது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று, பலமுறை தட்டிக் கேட்டுத்தான் காது பழகும்.

இந்த முயற்சிக்கு உண்மையான ஆபத்து துரு அல்ல. வேலை தெரிந்த பெரியவர்கள் கற்றுக்கொடுக்காமலே விடைபெற்றுவிட்டால், பளபளக்கும் இன்ஜின்கூடக் காட்சிப் பொம்மையாகிவிடும்.

2021-ல் வடமேற்கு வேல்ஸின் ஸ்லேட் சுரங்கப் பகுதிகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் இந்தக் குட்டி ரயிலுக்கும் இடம் கிடைத்தது. ஆனால், நாளைக் காலை ரயில் கிளம்ப அந்தப் பட்டம் மட்டும் போதாது. விடியலில் வந்து அடுப்பு மூட்ட ஒருவர் வேண்டும். அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள இளையவர் ஒருவரும் வேண்டும்.