சொந்தமாய் ஒரு வீடு – 6: முதலில் போர், பிறகு சுவர்

இந்தியாவின் பல மாநிலங்களில் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போடுகின்றன. அந்த ஊரிலேயே வீடு பார்க்க வருகிறவர்கள் டைல்ஸையும் கிச்சனையும் பார்த்துவிட்டு, அட்வான்ஸ் கொடுக்கும் நேரத்தில்தான் "போர் இருக்குதுங்களா?" என்று கேட்கிறார்கள். "இருக்குதுங்க" என்றதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழ். பெயின்டை மாற்றலாம், கதவை மாற்றலாம். அடியில் இருக்கும் பாறையை மாற்ற முடியாது.

இது கடும்பாறைப் பூமி. தண்ணீர் பெரும்பாலும் பாறை வெடிப்புகளில்தான் ஓடுகிறது. அதனால் பக்கத்து வீட்டில் 400 அடியில் தண்ணீர் வந்தது என்பது இந்த வீட்டுக்கு உத்தரவாதம் ஆகாது.

போர் எத்தனை அடி, எத்தனையாவது அடியில் தண்ணீர் வந்தது, கேசிங் பைப் எவ்வளவு இறக்கினார்கள், மோட்டார் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். ரிக்காரர் கொடுத்த பில் இருந்தால் அடிக்கணக்கு அதிலேயே தெரியும். கம்ப்ரசர் வைத்துத் தண்ணீர் எடுக்கிறார்கள் என்றால் ஊற்று குறைவாக இருக்கலாம், காரணம் கேளுங்கள்.

பிறகு மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். ஆறரை இஞ்ச் போரில் 100 அடிக்குச் சுமார் 650 லிட்டர் தேங்கி நிற்கும். 300 அடி தண்ணீர் நின்றாலே 1,900 லிட்டருக்கு மேல். ஆகவே 1,000 லிட்டர் தொட்டி நிரம்பியதை வைத்து ஊற்றை முடிவு செய்யாதீர்கள். தேங்கியது தீர்ந்தபின் எவ்வளவு வருகிறது என்பதே கணக்கு. அதற்கு ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம் ஓட வேண்டும்.

ஒரு பாட்டில் தண்ணீரைப் பிடித்துப் பரிசோதனைக்கும் கொடுங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லை என்றால் 2,000 வரை. ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. குழாய் முனையில் வெள்ளையாய் உப்புப் படிந்திருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

ஐப்பசி மழைக்குப் பிறகு எந்தப் போரும் நல்ல போர்தான். சித்திரை, வைகாசியில் பார்ப்பதே சரி. முடியாவிட்டால் அக்கம்பக்கத்தில் கேளுங்கள்: "அக்கா, சித்திரையில தண்ணி நிக்குமுங்களா? லாரித் தண்ணி வாங்குவீங்களா? ஆத்துத் தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுங்க?"

பக்கத்தில் தறிப்பட்டறை இருந்தால், தறி ஓடும் இரவு நேரத்தில் ஒருமுறை படுக்கையறையில் நின்று பாருங்கள். விடுமுறை நாளில் போனால் சத்தமும் தெரியாது, அதிர்வும் தெரியாது.

இத்தனைக்கும் பிறகு சுவருக்கு வாருங்கள். அடிச்சுவரில் ஓதம், கூரைத் தளத்தில் துருக்கறை, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாய் ஓடும் விரிசல் ஆகிய மூன்றையும் பாருங்கள். புதிதாய் பெயின்ட் அடித்த ஒற்றைச் சுவரைக் கூடுதலாய்ப் பாருங்கள்.

ஒரு மணி நேரம் மோட்டார் ஓட்ட மறுக்கும் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

(அடுத்த வாரம்: மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றிதழும்)