குரல் எண்ணாகும் வழி

ஒலிவாங்கியின் முன் நின்று ஒருவர் பாடும்போது அதனுள் இருக்கும் மெல்லிய படலம் அதிர்கிறது. அவ்வதிர்வு மின் அலையாகி வடத்தில் இறங்கும்போது அதன் வலிமை பெரும்பாலும் சில மில்லிவோல்ட் அளவே. அந்த நலிந்த அலையைப் பெருக்கி, எண்களாக்கிக் கணினிக்குள் செலுத்துவதும், கணினி தரும் எண்களை மீண்டும் மின் அலையாக்கிச் செவிக்கு அனுப்புவதும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் ஒலி இடைமுகத்தின் பணி. பழுது நேர்ந்தவுடன் கருவியைக் குறைகூறுவோர் பலர். பெரும்பாலும் குறை கருவியில் இல்லை. குரல் செல்லும் வழியை முதலிலிருந்து முறையாகத் தொடர்ந்தால் பழுதின் இருப்பிடம் புலப்படும்.

கண்டென்சர் வகை ஒலிவாங்கி இயங்க இடைமுகம் 48 வோல்ட் மின்னழுத்தம் தர வேண்டும். அதற்குரிய பொத்தான் அழுத்தப்படாதபோது நல்ல ஒலிவாங்கியும் ஊமையாகவே நிற்கும். டைனமிக் வகைக்கு அது வேண்டியதில்லை. பழைய ரிப்பன் வகைக்கு ஊறும் விளையலாம். பொத்தானை அழுத்துமுன் ஒலிபெருக்கியின் அளவைத் தாழ்த்திவிடுவது நன்று.

அடுத்து, பெருக்கத்தின் அளவு. 60 டெசிபல் பெருக்கம் என்றால் மின்னழுத்தம் ஆயிரம் மடங்காகிறது. எண்முறைப் பதிவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டிய அலையின் முகடு வெட்டுண்டு போகும். வெட்டுண்டதை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க இயலாது. 24 பிட் பதிவில் 1,67,77,216 படிகள் இருப்பதால், உரத்த இடங்களும் உச்சத்திற்கு 12 டெசிபல் கீழேயே நிற்குமாறு பதிந்தாலும் நுண்மை குன்றாது. உச்சத்தைத் தொட முயல்வது வீண் துணிச்சல்.

மாதிரி வீதத்தில், அதாவது அலையை நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக்குகிறோம் என்பதில், நேரும் பிழை விந்தையானது. நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிந்ததை 48,000 என்று கருதி ஒலிக்கவிட்டால், பாட்டு விரைவதோடு சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் உயர்ந்துவிடும். இடைமுகத்திலும் மென்பொருளிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

வீட்டுப் பதிவாளரை மிகுதியாக வாட்டுவது காலத்தாழ்வு. பல பணிகளை ஒருங்கே செய்யும் கணினி, மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பெறுவதில்லை. பஃபர் எனப்படும் இடத்தில் தொகுத்தே பெறுகிறது. 48,000 வீதத்தில் 256 மாதிரிகள் திரள 5.3 மில்லிநொடி ஆகும். அதற்குள் ஒலி காற்றில் ஏறத்தாழ ஆறடி கடந்துவிடும். உள்ளே செல்ல ஒரு தொகுப்பு, வெளியே வர ஒரு தொகுப்பு. ஆகவே 1,024 மாதிரிகள் வைத்தால் தாழ்வு 42 மில்லிநொடியைக் கடக்கும். தன் குரல் பின்தங்கி வருவதைக் கேட்கும் பாடகர் தாளம் தடுமாறுவார். பஃபரை 64 ஆகக் குறைத்தால் தாழ்வு மறையும். ஆனால் கணினி உரிய நேரத்தில் தொகுப்பை நிரப்பத் தவறினால் ஒலியில் இடைவெளி விழுந்து ‘படபட’வென வெடிக்கும். எனவே பாடும்போது சிறிய அளவும், பதிந்தவற்றைக் கலக்கும்போது பெரிய அளவும் பொருந்தும். விண்டோசில் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொணர்ந்த ஏசியோ முறையில் இயங்கும் டிரைவரை நிறுவுவது இன்றியமையாதது. விண்டோசின் பொது வழியில் சென்றால் ஒலி மேலும் பின்தங்கும். கணினி வழியே சுற்றாமல் குரலை நேரே செவிக்கு அனுப்பும் வசதி பல இடைமுகங்களில் உண்டு. எளிய கணினி வைத்திருப்போருக்கு அதுவே சிறந்த தீர்வு.

வழியின் கடைசியில், ஒலிபெருக்கியில், இடைவிடாத ‘ம்ம்’ என்னும் முரலல் கேட்கலாம். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. அந்த 50 ஹெர்ட்சும் அதன் மடங்குகளும்தாம் அம்முரலல். மடிக்கணினி ஒரு செருகியிலும் ஒலிபெருக்கி வேறொன்றிலும் இருக்க, இரண்டின் நில இணைப்புகளும் ஒலிவடத்தின் வழியே வளையமாகி மின்னோட்டம் பாய்வதே பெரும்பாலும் இதற்கு ஏது. சார்ஜரைக் கழற்றி மின்கலத்தில் இயக்கிப் பாருங்கள். முரலல் நின்றால் ஐயமில்லை. எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையில் செருகுங்கள். இடைமுகத்திலிருந்து ஒலிபெருக்கிக்குச் சமனிலை வடம் பூட்டுங்கள். அதன் இரு கம்பிகளும் ஒரே அலையை எதிரெதிராக ஏந்திச் செல்கின்றன; இரண்டிலும் ஒன்றுபோலப் படியும் இரைச்சல், மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது நீங்கிவிடுகிறது.

முரலலைப் போக்கச் செருகியின் எர்த் முனையை முறித்துவிடுவோரும் உண்டு. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். கருவியின் உலோகக் கூட்டில் மின்சாரம் கசிந்தால் உயிரைக் காப்பது அந்த முனையே.